நாலு ரொட்டியில் ஒரு நாடு

இன்று காலை தட்டில் அடுக்கியிருந்த தேத்தண்ணிக் கப்புகள் கிணுகிணுவென்று ஆடின. வேறு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அடியால் சுரங்க ரெயின் போனது. லண்டனில் இந்தக் கோலியர்ஸ் வுட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம்தான். ஆனால் என் கை தன்பாட்டில் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே உங்கள் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இருந்துகொண்டு நீங்கள் சிரித்திருக்க வேண்டும். "இஞ்சேரும், ஜப்பான்காரன் உதுக்குத் தலையை நிமித்தியும் பாக்கான்" என்று சொல்லியிருக்க வேண்டும். கதிரையில் நான் காயப்போட்ட துவாய் ஒன்றுதான் கிடந்தது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கவுன்சிலுக்குக் கடிதம் என்றாலும் கலியாண வீட்டுக் கவரில் பேர் எழுதுவது என்றாலும் நீங்கள்தான் எழுதுவீர்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் அழுகை முந்திவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானில் நம் மகள் துளசிக்கு இப்போது வயிற்றில் ஐந்து மாதம். புரட்டாசியில் பிள்ளை பிறக்குமாம். நேற்று போனில் முகத்தைக் காட்டி, "அம்மா, அந்த நேரம் நீங்கள் இஞ்சை என்னோடை நிக்கவேணும்" என்று கேட்டாள். நீங்கள் இருந்திருந்தால் அவள் சொல்லி முடிக்க முதலே சூட்கேசை இறக்கியிருப்பீர்கள். நான் "பாப்பம்" என்றேன். என் "பாப்பம்" என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். முகம் சுருங்கிப் போனது. நான் என்ன செய்ய? இங்கிலிசும் ஒழுங்காக வராத நான், நீங்கள் இல்லாமல் தனியே, ஆடுகிற நிலத்தில், ஏறி வருகிற கடலுக்குப் பக்கத்தில் போய் நிற்பதா? உங்களோடு கதைக்காமல் இதுவரை நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை.

அவள் முதல் முதலில் ஜப்பான் என்று வாயெடுத்த நாள் நினைவிருக்கிறதா? படிப்பு முடித்து, சென்டாய் என்ற பட்டணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று குசினி வாசலில் நின்று சொன்னாள். நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது இரண்டே விசயம். ஒன்று, ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கேயிருந்து வந்தது. மற்றது, சுனாமி என்ற சொல். என் அக்காவைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழிக்கு முதல் எங்கள் கரையில் அதற்கு ஒரு பேரே இருக்கவில்லை. கடல் வந்தது, கடல் வந்தது என்றுதான் சனம் கத்தியது. பேர் பிறகுதான் ரேடியோவில் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே?" என்று உங்களைத்தான் பிடித்தேன். "அந்தக் கடலுக்குப் பேர் வைச்சவனே அவன்தான். அவன்ர நாட்டிலை போய் இருக்கிறதாம்!"

"பேர் வைச்சவனுக்குத்தானே இஞ்சேரும் அதைப் பற்றிக் கூடத் தெரியும்?" என்றீர்கள்.

நான் கையில் காய்ந்த மாவை உரசிக் கழுவினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் ஜப்பானைப் படிக்கத் தொடங்கினீர்கள். பஸ் கராஜில் பிரேக் கிடைக்கும்போதெல்லாம் போனில் பார்ப்பது, வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்வது. வாழ்நாளில் பாதியை லண்டன் பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்த மனுசன். எதையும் ரூட்டாகப் போட்டால்தான் உங்களுக்கு மண்டையில் ஏறும். ஜப்பானையும் ஒரு ரூட்டாகப் போட்டீர்கள்.

"ஹொக்கைடோவிலை பஸ்ஸை எடுக்கிறம். அது வடக்கு. பனி கொட்டும், ஜன்னல் திறக்கக்கூடாது. அடுத்தது ஹொன்சு. அதுதான் பெரிய தீவு. ரோக்கியோ, பூஜி மலை எல்லாம் அதிலைதான். கனசனம் ஏறும், கனசனம் இறங்கும். எங்கட பிள்ளை இறங்கிற சென்டாய் அதின்ர வடகிழக்குக் கரை. பேந்து ஷிகொகு. சின்னன், சந்தடி இல்லை. அங்காலை கியூஷு. கடைசி ஸ்டொப். வெக்கை. எரிமலை ஒண்டு புகைஞ்சுகொண்டே நிக்கும். எல்லாரும் இறங்குங்கோ."

"நடுவிலை கடல் எல்லே? பஸ் எப்பிடிப் போகும்?"

"பாலம் கிடக்கு. கடலுக்குக் கீழை சுரங்கம் கிடக்கு. இல்லாத இடத்துக்குக் கப்பல் கிடக்கு. ஓடேக்கை டிரைவரோடை கதைக்கக்கூடாது, நீர் இருந்துகொள்ளும்."

மலை என்று சொல்ல ஒரு மண்மேடும் இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அங்கேயோ நாட்டில் முக்கால்வாசி மலையாம். வீடு கட்ட, நெல் விதைக்க, ரோட்டுப் போட என்று எல்லாவற்றுக்கும் மிச்சமிருக்கிற கொஞ்சச் சமதரைதான். ஞாயிற்றுக்கிழமை டூட்டிங் கடைத்தெரு மாதிரிச் சனம் அதில்தான் நெருங்கிக் கிடக்கும் என்றீர்கள். அந்தச் சமதரையும் பாதி கடற்கரையில். "வேறை எங்கை போறது, பாவங்கள்" என்று அன்றைக்குத்தான் அந்தச் சனத்துக்காக முதல் தரம் என் வாயில் ஒரு நல்ல சொல் வந்தது.

ரொட்டிப் பாடம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுட்டு வைத்ததில் நாலை எடுத்துத் தட்டத்தில் பரப்பினீர்கள்.

"நிலம் ஒரே துண்டு எண்டு நினையாதையும். கீழை இப்பிடித் தட்டுத் தட்டாய்க் கிடக்கு. ஜப்பானுக்குக் கீழை நாலு தட்டு ஒண்டோடை ஒண்டு முட்டுது. பாரும்."

கரையைப் பிடித்துத் தள்ளினீர்கள். ஒரு ரொட்டி மற்றதற்குக் கீழே நுழைந்தது. மேலே இருந்தது சுருங்கி எழும்பியது.

"இந்தச் சுருக்கம்தான் மலை. கீழை போறது இறுகி நிண்டு நிண்டு, ஒருநாள் சட்டெண்டு வழுக்கும். அதுதான் நடுக்கம். கடலுக்குக் கீழை வழுக்கினால் தண்ணி எழும்பும்."

"சாப்பாட்டோடை விளையாடாதேங்கோ."

"இது பாடமப்பா."

"பாடம் ஆறுது. சம்பலோடை சாப்பிடுங்கோ."

முதலில் பசுபிக் தட்டு என்று வைத்த ரொட்டியைத்தான் சாப்பிட்டீர்கள். துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தண்ணி எழும்பும் என்று நீங்கள் சொன்ன இடத்தில் என் முகம் மாறியதைக் கண்டுவிட்டீர்கள். அடுத்த நாளிலிருந்து, காய்ச்சல்காரிக்குக் குளிசை கொடுப்பது போல ஆறுதலாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தீர்கள். ஆடப்போகிறது என்றால் ஊரில் உள்ள போன் எல்லாம் சேர்ந்து அலறுமாம், சில நேரம் ஆட்டம் வந்து சேர முதலே. உயரக் கட்டிடங்களை முறியாமல் வளைகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்களாம். நாலு வயதுப் பிள்ளைக்கும் மேசைக்குக் கீழே பூரப் பழக்கியிருக்கிறார்களாம். வீட்டு வாசலில் ஒரு பை தொங்குமாம், தண்ணீர், பிஸ்கட், ரோச்லைட், மருந்து எல்லாம் கட்டி.

பை என்றதும் நான் நிமிர்ந்தேன். "இது எங்கட பை எல்லே?"

"ஓம். நாங்கள் சண்டைக்காலத்திலை செல்லடிக்குப் பயந்து கட்டினம். அவை நிலத்துக்குப் பயந்து கட்டுகினம்."

அந்தப் பையைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அவளைப் போகச் சொன்னேன். வாசலில் பை கட்டி வைத்திருக்கிற சனத்துக்கு நடுவில் என் பிள்ளை இருந்துகொள்வாள் என்று பட்டது. உங்களுக்கு இதை நான் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றுக் கதையில்தான் நான் இளகினேன் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கீழே இருக்கிற அதே நெருப்புத்தான் தண்ணீரைச் சூடாக்கி மேலே விடும், சனம் சேர்ந்து இறங்கிக் குளிக்கும் என்று நீங்கள் சொல்ல, "எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரியோ?" என்று ஆசையாகக் கேட்டேன். "அதேதான். ஆனால் உடுப்பில்லாமல்" என்றீர்கள். "சிவசிவா! பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ, வீட்டிலையே குளிக்கச் சொல்லி."

போகும்போது அவள் சூட்கேசில் என் பழைய சேலை ஒன்றால் சுற்றி அம்மன் படத்தை வைத்துவிட்டேன். கண்ணாடி போட்ட பெரிய படம். கட்டில் தலைமாட்டில் மாட்டு, அம்மன் காப்பா என்று சொல்லித்தான் விட்டேன். போய்ச் சில நாள் கழித்து அறையைக் காட்டினாள். சுவரில் ஒன்றுமில்லை.

"எங்கை அம்மன்?"

"அலுமாரிக்குள்ளை அம்மா. இஞ்சை தலைக்கு மேலை பாரமாய், கண்ணாடியாய் ஒண்டும் மாட்டக்கூடாது. ஆடினால் விழும்."

"அம்மன் விழுறதோ? என்ன கதை கதைக்கிறாய்? அவ உன்னைக் காக்கிறவ."

"அவ காப்பா அம்மா. கண்ணாடி காக்காது."

எனக்கு வந்த கோபம்! அவள் போன் எடுத்தால் உங்களிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். நீங்கள் நடுவில் கிடந்து, "இஞ்சேரும், ஒரு சொல்லாவது கதையும்" என்று கெஞ்சினீர்கள். பிறகு ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போய், அதே அம்மனைத் துணியில் அச்சடித்து, நாலு மூலைக்கும் நாடா தைப்பித்துக்கொண்டு வந்து என் மடியில் விரித்தீர்கள். "கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. இனி அம்மன் விழுந்தாலும் பிள்ளைக்குப் போர்வை."

அந்தத் துணி அம்மன் இன்றைக்கும் அவள் தலைமாட்டில் தொங்குகிறா. இரண்டு மூன்று ஆட்டம் பார்த்துவிட்டா.

பிறகு கென் வந்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற பொடியன். லண்டனில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். அவனுடைய தாய் நம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சின்ன மனுசி. வாசலில் சப்பாத்தைக் கழற்றினா. நாங்களும் கழற்றுகிற ஆட்கள்தான், ஆனால் நம் வாசலில் கிடக்கும் குவியல் உங்களுக்குத் தெரியும். அவ குந்தியிருந்து தன்னுடையதை மட்டுமல்ல, நம்முடைய எல்லாச் செருப்பையும் சோடி சேர்த்து, மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்தா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு எழும்பி உங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னா. நீங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடக் குனிந்தீர்கள். அவ இன்னும் கூட. நீங்கள் விட்டபாடில்லை. கதவு திறந்தே கிடந்து வீடு முழுக்கக் குளிர். "அப்பா, காணும்! நீங்கள் நிப்பாட்டினால்தான் அவ நிப்பாட்டுவா" என்று துளசி கத்தினாள்.

துணியில் முடிந்த பரிசு ஒன்று தந்தா. நாங்கள் அவிழ்க்காமல் சுவாமி அறையில் வைத்தோம். அதுதான் அங்கேயும் மரியாதையாம், வந்தவரின் முன்னால் அவிழ்ப்பதில்லையாம். "பாத்தீரே, அரைவாசி யாழ்ப்பாணம்" என்று என் காதில் சொன்னீர்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது அவ என் அக்காவைப் பற்றிக் கேட்டா. துளசி சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேன், துளசி ஜப்பான் மொழியில் மாற்றிச் சொன்னாள். எங்களுக்கு வந்து சில வருசத்துக்குப் பிறகு அவர்களுடைய கரைக்கும் கடல் வந்திருக்கிறது. மலை அடிவாரத்தில் மீன்பிடிக்கிற சின்ன ஊர். அவ மேலே இருந்த கோயிலுக்கு ஏறிவிட்டா. வள்ளத்தடியில் நின்ற அவவுடைய புருசன் ஏறி வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு இன்னும் ஒன்று சொன்னா. துளசி கொஞ்சம் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

"அவையின்ர கரையிலை ஒரு பழைய சொல்லு இருக்காம் அம்மா. கடல் வந்தால் ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாதாம். ஒவ்வொருத்தரும் தன்ர தன்ர பாட்டிலை மேட்டுக்கு ஓடவேணுமாம். தாயெண்டாலும், பிள்ளையெண்டாலும்."

நான் கப்புகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். நீங்கள் பின்னால் வந்தீர்கள்.

"என்ன கல்நெஞ்சு மனுசர்!" என்றேன். "பெத்ததை விட்டிட்டு ஓடுறதோ?"

நீங்கள் துவாயை எடுத்துக் கப்பைத் துடைத்தபடி நின்றீர்கள். "அது பாசமில்லாத கதை இல்லையப்பா," என்றீர்கள். "நான் நிண்டால் அவள் என்னைத் தேடி நிப்பாள். அவள் நிண்டால் நான் நிப்பன். ரெண்டுபேரும் கடலோடை போவம். மற்றவளும் ஓடியிருப்பாள் எண்ட நம்பிக்கை இருந்தால்தான் அப்பிடி ஓடலாம்." பிறகு கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கட பிள்ளை ஒண்டும் ஓடினது எல்லே? அதுக்கு நாங்கள் ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை" என்றீர்கள்.

அக்காவின் மகளைத்தான் சொன்னீர்கள். கடல் வந்த அன்று அவள் சிறு பிள்ளை. அவள் ஓடித் தப்பினாள். அக்காவும் படுக்கையில் கிடந்த அக்காவின் மாமியாரும் தப்பவில்லை. "தாயை விட்டிட்டு ஓடிவந்த பிள்ளை" என்று ஊர்ச்சனம் சொன்னது. அவள் வளர்ந்து, கனடாவுக்குப் போய், பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். அந்த நாளைப் பற்றி ஒருவரோடும் வாய்திறந்ததில்லை.

அந்தக் கிழமையே அவளுக்குப் போன் எடுத்தீர்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை நீங்கள்.

"பிள்ளை, உனக்கு முந்தியே சொல்லியிருக்கவேணும். நீ ஓடினது சரி."

லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நீங்கள் போனைப் பார்த்தீர்கள். பிறகு அவளுடைய குரல் வந்தது.

"சித்தப்பா, அம்மாதான் ஓடச் சொன்னவ. 'நீ முன்னாலை ஓடு, நான் அப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு வாறன்' எண்டவ. திரும்பிப் பாக்காதை எண்டவ. நான் பாக்கேல்லை."

"ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் விட்டிட்டு வந்தனி எண்டுதானே சின்னம்மா எல்லாரும் கேட்டவை. அம்மா என்ன சொன்னவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

என் அக்காவின் கடைசிச் சொல் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனுசி நம் வீட்டில் தேத்தண்ணி குடித்ததால் கிடைத்தது. சம்பந்தி திரும்பிப் போகிற நாளில், விமான நிலையத்தில் அவ குனிந்தா. நான் குனியவில்லை. கட்டிப்பிடித்தேன். பாவம், மரம் மாதிரி நின்றா. பிறகு மெல்ல என் முதுகில் தட்டினா.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். காலையில் தேத்தண்ணியோடு வந்து எழுப்பினேன், எழும்பவில்லை. வேலையிலிருந்து நின்றதும் இரண்டு பேருமாக ஜப்பானுக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அந்த நாட்டின் எல்லா ஸ்டொப்பும் பாடமாக இருந்த மனுசன், ஒன்றிலும் ஒருநாளும் இறங்கவில்லை. அதுதான் எனக்கு ஆறாமல் கிடக்கிறது.

நேற்று துளசியிடம் நான் "பாப்பம்" என்றதோடு விடவில்லை. அங்கேயும் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப நீ இஞ்சை வா" என்றேன். "இஞ்சை நிலம் அசையாது."

"அப்பா இல்லாத வீட்டிலை வந்து படுக்க எனக்கு ஏலாது அம்மா. நீங்கள் இருக்கிற இடம்தானே தாய்வீடு. அதை இஞ்சை கொண்டு வாங்கோ."

"அங்கை உன்ர மாமி இருக்கிறாதானே?"

"மாமி நல்லாப் பாப்பா. ஆனா இடுப்பு நோ வரேக்கை எனக்குத் தமிழிலை கத்தவேணும்."

இன்று காலை தட்டைப் பிடித்தபடி நின்றபோது யோசித்தேன். நிலம் அசையாத இந்த வீட்டில், அசைகிற ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதற்கு அங்கேயே போய் நிற்கலாம். கப்புகளை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். அங்கே பின்னேரம்.

"பிள்ளை, நான் வாறன்."

"தனியவோ?" அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இஞ்சை பிளேனிலை ஏத்திவிட ஆள் இருக்கு. அங்கை இறக்க நீ இருக்கிறாய்."

"புரட்டாசி புயல் வாற மாசம் அம்மா. பிறகு பயந்து சாகக்கூடாது."

"தெரியும். தெற்காலை, கடைசி ஸ்டொப்பிலை ஏறி வடக்கை வரும். கொப்பர் சொன்னவர்."

சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. பிறகு டீச்சர் குரலில் சோதனை வைத்தாள்.

"நிலம் ஆடினால் என்ன செய்வியள்?"

"வெளியிலை ஓட மாட்டன். மேசைக்குக் கீழை."

"கடல் வரப்போகுதெண்டு போன் கத்தினால்?"

"மேட்டுக்கு. என்ர பாட்டிலை. உன்னைத் தேடிக்கொண்டு நிக்க மாட்டன். நீ முன்னாலை போயிருப்பாய் எண்டு நம்பிக்கொண்டு ஓடுவன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பொய் அம்மா. நீங்கள் என்னைத் தேடித்தான் வருவியள்."

"பொய்தான் பிள்ளை. ஆனா பழகிறன்."

பழகத்தான் வேண்டும். நீங்கள் தந்துவிட்டுப் போனதில் தீவுகளின் பேர் சில நாள் எனக்கு மாறிப்போகிறது, ஷிகொகு முதலா கியூஷு முதலா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. குசினியில் துவாயோடு நின்று நீங்கள் சொன்னது மட்டும் மாறவில்லை. முன்னால் போனவர் பத்திரமாக நிற்பார் என்று நம்ப வேண்டும். அதைத்தான் சூட்கேசில் கொள்ளாத சாமானாகக் கொண்டுபோகிறேன். நீங்கள் எனக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, நான் ஆறுதலாக வாறன்.